பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு

முதலாவதை வைத்தபோது என்னை யாரும் கேட்கவில்லை.
பதினாறு வருடம் முன்னால், பாகாவிலிருந்து
சிரம்பானுக்குப் போன ஆம்புலன்ஸில்
ஸ்டெரிலைசர் கதவின் போல்ட்டை
முழுசாய் முறுக்கினேனா என்று
யோசித்துக்கொண்டே கிடந்தேன்.
கண் விழித்தால்
நெஞ்சுக்குள் ஒரு துண்டு எவர்சில்வர்.

"சோத்துத் தட்டு செய்யிறதையா வச்சாங்க?"
என்றாள் பவளக்கொடி.
ஏறக்குறைய அதுதான்.
கொஞ்சம் மாலிப்டினம் சேர்த்த ரகம்,
உப்புக்கு லேசில் அசையாது.

இப்போது அதே இடத்தில் மறுபடி அடைப்பு.
இந்த முறை கேட்கிறார்கள்.
டாக்டர் ஹஸ்லினா தாளைத் திருப்பி
மூன்று வலை வரைகிறார்.
கோபால்ட் குரோமியம்.
பிளாட்டினம் குரோமியம்.
மூன்றாவதை வரைந்த கையோடு அடித்துவிட்டு
"மெக்னீசியம். இங்கே இல்லை,
இருந்தாலும் உங்களுக்கு ஒத்துவராது" என்கிறார்.

மெக்னீசியத்தை எனக்குத் தெரியும்.
ஆலையில் மண்ணுக்குள் போகும் குழாயோடு
அதில் ஒரு கட்டியைக் கட்டிப் புதைப்போம்.
குழாயைத் தின்ன வருவது முதலில் அதைத் தின்னும்.
சில வருடம் கழித்துத் தோண்டினால்
கட்டிய கம்பி இருக்கும், கட்டி இருக்காது.
நெஞ்சுக்குள்ளும் அப்படித்தானாம்.
வருடம் ஒன்று முட்டுக்கொடுத்து நின்று
ரத்தத்தோடு போய்விடுமாம்.
நல்ல வேலைக்காரன்.

பிளாட்டினம் என்றதும் பவளக்கொடி நிமிர்ந்தாள்.
"கழுத்துல போட்டா நாலு பேரு பாப்பாங்க.
உள்ள வச்சா யாரு பாக்குறது?"
எக்ஸ்ரே பார்க்கும் என்றேன்.
கம்பி எங்கே நிற்கிறது என்று
பளிச்சென்று காட்டுமாம்.
கோபால்ட் அவ்வளவு காட்டாது.
ஆனால் கோபால்ட் சேர்த்த கடைசல் உளி
சிவக்கச் சிவக்க எஃகைச் சீவியதை
நானே பார்த்திருக்கிறேன்,
தான் மழுங்காமல்.

அன்று ராத்திரி ஃபீலர் கேஜை எடுத்தேன்.
விசிறி போல விரியும் எஃகு இதழ்கள்.
டாக்டர் சொன்ன கணக்கில்
பழையதின் கம்பி பூஜ்யம் புள்ளி ஒன்று மூன்று,
புதியது பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு.
இரண்டு இதழையும் கட்டைவிரலால் வளைத்தேன்.
பதின்மூன்று முரண்டு பிடித்தது.
எட்டு வியர்வையில் ஒட்டிக்கொண்டு
எழுந்து வர மறுத்தது.
இவ்வளவு மெலிசா?
அதை மணிக்கட்டில் வைத்தேன்.
இதழ் துடித்தது.
விளக்கை அணைக்கச் சொல்லி
பவளக்கொடி திட்டினாள்.

மறுவாரம் கேட்டேன்.
"டாக்டர், பழைய எஃகுக்குள்ளே புதுக் கோபால்ட்.
ரெண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணி.
இரும்புக் குழாயில் பித்தளை வால்வை மாட்டினால்
இரும்புதான் முதலில் சாகும்.
ரத்தமும் உப்புதானே?"

பேனா நின்றது.
இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார்.
இரண்டுமே குரோமியத் தோல் போர்த்தியவையாம்,
கண்ணுக்குத் தெரியாத தோல்.
அதற்கு மேல் நம் சதையும் வளர்ந்து மூடுமாம்.
யாரோ அளந்தும் பார்த்திருக்கிறார்களாம்.
"அரிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன்.
ரொம்பக் குறைவு."

அந்தக் குறைவு எனக்குப் பிடித்தது.
இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்ன
எந்த சப்ளையரையும் நான் நம்பியதில்லை.

கடைசியில், வைத்த நாளில்
ஸ்டாக்கில் இருந்தது கோபால்ட்தான்.
ஸ்டிக்கரை ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள்.
விட்டம், நீளம், ஒரு நீண்ட எண்.
லைசென்சுக்குப் பின்னால் செருகிக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை
ஜெனரேட்டரில் டப்பெட் தட்டிக்கொண்டிருந்தது.
பங்களாதேஷ் பையன் ரஃபீக்
கேஜை வாங்கி விரித்தவன்
ஓர் இதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
கோணியிருக்கிறது, தட்டி நேராக்கவா என்றான்.

அது நமக்கு வேண்டாம் தம்பி,
இருபத்தஞ்சை எடு.