வாமனனுக்கு அளப்பது

பெயர் வைத்தது நான்தான்.
எட்டுக் கிழமையில்
என் குளிர்ச்சட்டைக்குள் அடங்கி, தலை மட்டும் வெளியே நீட்டி
எம்மெ ஆற்றுப் பாலம் தாண்டி வந்தவனுக்கு
வேறென்ன பெயர் பொருந்தும்?
கிரேட் டேன்.
வளர்ந்தால் அறுபத்தைந்து கிலோ என்று
விற்றவள் சொன்னபோது
குதிரையைப் பற்றிப் பேசுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன்.

பூர்க்டோர்ஃப் ரயிலடிக்குப் பின்னால் உள்ள கடையில்
குட்டிகளின் தீனிக்கென்றே ஒரு சுவர்.
ஒவ்வொரு பையிலும் ஒரு நாய்
பற்பசை விளம்பரக்காரரைப் போல் சிரித்துக்கொண்டு பாய்ந்தது.
நான் பையைத் திருப்பினேன்.
ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினாறு வருடம்:
உப்பில்லாத தட்டு, சீனியில்லாத தட்டு,
நூற்றிருபது கிராம் உருளைக்கிழங்கு.
முன்பக்கம் விற்கும், பின்பக்கம்தான் கதைக்கும்.
மூன்று மொழியிலும் வாசித்தேன்.
கல்சியம் ஒன்று தசம் இரண்டு.
பொஸ்பரஸ் ஒன்று.
பக்கத்துப் பை மலிவு,
'எல்லாக் குட்டிகளுக்கும்' என்றது.
எல்லாருக்கும் என்று எழுதியது
யாருடைய முகத்தையும் பார்த்து எழுதியதில்லை.

தவமலருக்கு அந்த அளவுக் கோப்பையைக் கண்ணில் காட்டக் கூடாது.
"அளந்து போட்டா
அது சாப்பாடோ, கூலியோ?"
உலகை அளந்தவனுக்கு நாங்கள் அளக்கிறோம் என்று
பகிடி விட்டேன். சிரிக்கவில்லை.
வெறும் தட்டை மூக்கால் தள்ளித் தள்ளி
அவன் சமையலறை முழுக்க ஓட்டுகிற சத்தம்
அவளுக்கு இரவிலும் கேட்டது.

மூன்றாம் மாதம்
அவளுடைய முழங்காலுக்கு எழுதிக் கொடுத்த கல்சியம் மாத்திரை
கணக்குக்கு மிஞ்சிக் குறைந்தது.
உள்ளங்கையில் பொடித்து
தயிரில் குழைத்து
நான் வேலைக்குப் போன பிறகு.
"இவ்வளவு உயரம் வரப்போறவனுக்கு
எலும்பு வேண்டாமோ?"

மிருக வைத்தியர் ட்ஸ்பிண்டன் திட்டவில்லை.
அவன் முன்காலைப் பிடித்து
மணிக்கட்டுப் பக்கம் புடைத்திருக்கிறதா என்று தடவியபடி சொன்னார்,
நான் வரிக்கு வரி தமிழாக்கினேன்:
குட்டியின் குடலுக்கு
போதும் என்று சொல்ல இன்னும் தெரியாது,
வருகிற கல்சியத்தையெல்லாம் உள்ளே விட்டுவிடும்.
சதை முந்தினால்
மூட்டுத்தான் விலை கொடுக்கும்.
கடைசி உயரம் தாயும் தகப்பனும் கொடுத்தது,
உங்கள் கையில் இருப்பது
வேகம் மட்டும்.

பஸ்ஸில் அவள் வாயே திறக்கவில்லை.
அவன் அவளுடைய சப்பாத்தில் தாடையை வைத்துத் தூங்கினான்.
இறங்கும்போது சொன்னாள்:
"மாவலியும் உப்பிடித்தான்.
கேட்ட உடனே குடுத்தவன்."

இப்போது ஞாயிறு காலைகளில்
அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுகிறேன்.
இருவரும் தொண்ணூற்றொன்பது,
நான் மட்டும் எண்பத்திரண்டு.
கழித்து எழுதுவது அவள்,
நாட்காட்டியில், மின்சார பில் கட்டும் தேதிக்குக் கீழே.
(என் எண்பத்திரண்டையும் ஒருநாள் எழுதி வைத்திருந்தாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.)

பிறகு விலா.
கண்ணுக்குத் தெரியக் கூடாது,
கைக்குத் தெரிய வேண்டும்.
அவள் கண்ணை மூடித் தடவுகிறாள்,
இருட்டில் சுவிட்ச் தேடுகிறவளைப் போல.
"இருக்கு," என்கிறாள்.

கோப்பையைக் கோடுவரை நிரப்பி
அதிலிருந்தே நாலு உருண்டையை எடுத்து
தன் கோட்டுப் பைக்குள் போடுகிறாள்,
வெளியில் கூப்பிட்டால் வரவேண்டுமே என்று.
களவு இல்லை. எண்ணித்தான் எடுத்தாள்,
எனக்குக் காட்டி.

தின்று முடித்தவன் சோபாவுக்கு வருகிறான்.
ஒரு காலை என் மடியில் வைக்கிறான்.
இன்னொன்றை பேப்பரின் மேல்.
மூன்றாவதை எங்கே வைப்பதென்று
அவளைப் பார்க்கிறான்.

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ஈரக் கையோடு வந்து
உட்காருகிறாள்.