நாகலூரின் நெடுவரிசை

பதினோரு ஊர்.
குறுக்கே போனால் பேசுகிறவர்,
நெடுக இறங்கினால் கேட்கிறவர்.
நொடிக்கொரு தரம் ஒவ்வொரு பெட்டியும்
எல்லாருக்குமாக ஒரே ஒரு முறை
'இருக்கேன்' என்கிறது.
பாதை கிளைக்கும் இடத்தில்தான்
அது இரண்டாகும்: அடிவாரத்தில், வாழவந்தியில்.

அஸ்தம்பட்டியில், நகைக்கடன் கடைக்கு மேல்மாடியில்,
இந்தப் பச்சைக் கட்டங்களைப் பார்க்க எனக்குச் சம்பளம்.
மூலைவிட்டம் கணக்கில்லை.
தன் குரல் தனக்குக் கேட்பதில் என்ன இருக்கிறது?

நேற்றிரவு இரண்டு நாற்பதுக்கு
நாகலூர் நெடுவரிசை
மேலிருந்து கீழ்வரை சிவந்தது.
குறுக்கே மட்டும் பச்சை.
நாகலூர் சொல்வது எல்லாருக்கும் கேட்கிறது;
யார் சொல்வதும் நாகலூருக்குக் கேட்கவில்லை.
இப்படி ஒரு ஆளோடு
ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.
அதற்கு இப்படி ஒரு படம் போடலாமென்று
அப்போது தெரியாது.

தனியாகக் கூப்பிட்டால்
பத்தொன்பது மில்லிசெகண்டில் பதில் சொன்னது பெட்டி.
மூன்று தரமும்.
ஊருக்கே சொல்வதுதான் போய்ச் சேரவில்லை.
அதற்காகத்தானே அதை வைத்தது:
கொண்டை ஊசியில் மண் சரிந்தால்
மலை முழுக்க ஒரே நேரத்தில் அலற.

இங்கே தூறல். மேலே எப்படியோ.

பொன்னாண்டியை எழுப்பினேன். திட்டவில்லை.
"வாசல்ல காட்டெருமை நிக்குதுங்க, போகட்டும்."
அது போக இருபது நிமிஷம்.

"சாயங்காலம் புது ஸ்விட்ச் மாட்டியிருக்காங்க.
ரெண்டு முப்பத்தாறுக்குக் கரண்டு போய் வந்துச்சாம்.
எல்லா லைட்டும் எரியுதுங்க."

எரியும்.
'கேட்கிறவர் யாராவது உண்டா' என்று
இரண்டு நிமிஷத்துக்கொரு தரம் கேட்கும் வேலையை
அதற்குக் கொடுத்தவர்கள்
சேமிக்காமல் இறங்கிப் போயிருக்கிறார்கள்.
கேட்கிறவர் இல்லை, ஆகவே கேட்கிறவர் இல்லை.
நாலு நிமிஷம் இருபது நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு
ஸ்விட்ச் கதவைச் சாத்திக்கொண்டது.
அதன் நியாயம் அதற்கு.

அடியில் ஒட்டியிருந்த எண்ணை
நனைந்த செல்போன் வெளிச்சத்தில்
எழுத்தெழுத்தாகப் படித்தார் பொன்னாண்டி.
'எட்டா, பீயா?' என்று ஒரு சண்டை.
ஒரு வரி அடித்தேன். சேமித்தேன்.
இரண்டாம் தரமும் சேமித்தேன்.

அடிவாரம் கேட்டது. செம்மநத்தம்,
வெள்ளக்கடை, பிறகு மொத்தமாக.

"இப்பக் கேக்குதுங்களா?" என்றார்.
அவரையா பெட்டியையா என்று நான் கேட்கவில்லை.

மண் சரியவில்லை.
பதிவேட்டில் தொண்ணூற்றேழு நிமிஷம் என்று எழுதினேன்.
பாதிப்பு என்ற இடத்தில்
ஒரு கோடு.