சார்ந்திருப்பவர்

படிவத்தில் வருகை ஆய்வாளருக்கு ஒரே ஒரு கட்டம்.
கூட வருபவர் என்றால் ‘சார்ந்திருப்பவர்’.
ஐனோவுக்குச் சதுப்புச் சேற்றின் நுண்ணுயிர்கள்,
பெட்ரிக்கு அதே சேற்றின் நண்டுகள்.
யார் யாரைச் சார்ந்தவர் என்று எழுதிக் கேட்டேன்.
“அவருடைய நண்டு என் நுண்ணுயிரைத் தின்கிறது,
என் நுண்ணுயிர் அதன் குடலில் குடியிருக்கிறது.
நீங்களே முடிவு செய்யுங்கள்.”

மனிதவளப் பிரிவுக்கு நாலு முறை நடந்தேன்.
இரண்டு அழைப்புக் கடிதம், இரண்டு அனுமதி அட்டை,
சுங்கை பூலோவில் இறங்க முழங்கால் சப்பாத்து இரண்டு சோடி.
கிளமெண்டியில் ஓரறை வீடு, ஆறு மாதம்.
வாடகையைச் சொன்னதும்
ஹெல்சிங்கியில் சற்று நேரம் சத்தமே இல்லை.

பிறகு தயங்கி ஒன்று கேட்டார்கள்:
மேசைகள் வேறு வேறு மாடியில் கிடைக்குமா,
பகலில் பார்க்காமல் இருந்தால்தான்
இரவுச் சாப்பாட்டுக்குப் பேச்சு மிஞ்சும்.

மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி என்று குறித்துவிட்டு
வீடு வந்தபோது மணி ஏழு.
ஜூரோங்கில் இரவு வேலை,
தனசீலன் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான்.
மின்தூக்கி பதினோராம் மாடிக்கு வரும்வரை
நேரமிருந்தது.
நண்டைப் பற்றிச் சொன்னேன்.