ரோலருக்குப் பக்கத்தில்

காரைக்குடி ஒன்பது என்கிற மைல்கல்லுக்கு எதிரே
தைலமரக் காட்டோரம் எங்கள் கூடாரம்.
நாலு தார்ப்பாய், ஏழு தார்ப்பீப்பாய்,
ஆறிக்கொண்டிருக்கும் ரோடு ரோலர்.
வேலி என்று ஒரு கயிறுகூடக் கிடையாது.

ராத்திரிச் சோற்றின்போது
ரோலர் ஓட்டும் சேவுகன்
மான்கறியின் ருசியைச் சொல்லிக்கொண்டிருந்தான்,
மிளகு எவ்வளவு என்பதுவரை.

ரெண்டு மணி இருக்கும்.
குரைப்பதை நிறுத்திவிட்டு
நாய்கள் ஓடிவருகிற சத்தம்.
ஜல்லிக் குவியல் சரிந்தது.

புள்ளிமான். பெட்டை.
பின்தொடையில் கிழிசல்.
இன்ஜினின் மிச்சச் சூட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது,
எங்களுக்கு முதுகைக் காட்டி,
நாய்களைப் பார்த்தபடி.

சாயங்காலம் எங்கள் எச்சில் சோற்றைத் தின்றவைதான்.
வெளிச்சம் முடிகிற இடத்தில்
உரிமையோடு உட்கார்ந்தன.

போர்வைக்குள்ளிருந்து கைநீட்டி
சேவுகன் ஒரு கல்லை எடுத்தான்.
எந்தப் பக்கம் எறிவான் என்று
எனக்குத் தெரியவில்லை.
அவனுக்கும்தான்.

விடியும்வரை எறியவில்லை.
மூத்திரம் முட்டியும்
ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

காலையில் சக்கரத்தடியில் நாலைந்து புழுக்கை,
ஒரு சொட்டு ரத்தம், அதன்மேல் எறும்பு.

"வண்டிய எடுப்பா" என்றார் மேஸ்திரி.

உள்ளங்கை வியர்வையோடு அந்தக் கல்லைச்
சாலையில் போட்டான்.
ரோலருக்கு அடியில்
குனிந்து ஒருதரம் பார்த்துவிட்டு
ஏறினான்.