குழி பறிக்காத குதிரை

லிம் சூ காங்கில் சனிக்கிழமை ஏழரைக்கே
தலைக்கவசத்துக்குள் வியர்த்துவிடும்.
தாடைக்கும் வாருக்கும் நடுவே விரல் விட்டுப் பார்க்கிறேன்.
மூன்று நுழைந்தால் தளர்ச்சி.
ஒன்று மட்டும் நுழைந்தால் அவளுக்கு எச்சில் விழுங்க முடியாது.
இரண்டு. சரி.

பவேஷினி தொடக்கநிலை நான்கு.
திங்கட்கிழமை மரபுத்தொடர்த் தேர்வாம்.
"குதிரைக்கொம்புன்னா கிடைக்காத பொருள்தானே, கோச்?"
கேட்டுக்கொண்டே
கச்சாங்கின் இரண்டு காதுகளுக்கும் நடுவே தடவுகிறாள்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

நம் மொழியில் குதிரைகளுக்குக் குறைவில்லை.
ஒன்று மண்ணால் ஆனது, ஆற்றில் இறங்கினால் கரையும்.
ஒன்று கீழே தள்ளியது போதாமல் குழியும் பறிக்கும்.
தொட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.
உயிருள்ளது இப்படி இருக்கும்:
சூடு, ஈ, ஈரமூக்கு,
பதின்மூன்று வயது, ஒரு பின்னங்காலில் மட்டும் வெள்ளைக் காலுறை,
கேரட்டைவிடப் பப்பாளி பிடிக்கும்.

பின்பக்கமாகப் போகாதே.
போய்த்தான் ஆகவேண்டுமென்றால்
அதன் மேலிருந்து கையை எடுக்காமல் பேசிக்கொண்டே போ.
"என்ன பேசறது?"
ஏழாம் வாய்ப்பாடு சொல்.
ஏழேழு நாற்பத்தொன்பதில் வாலைத் தாண்டிவிட்டாள்.

முதல் பாடம் ஏறுவதில்லை, இறங்குவது.
அங்கவடியிலிருந்து இரண்டு பாதங்களையும் உதறு,
கழுத்தின் மேல் சாய், காலை வீசு,
முழங்காலை மடக்கிக் குதி.
நிற்கிற குதிரையிலிருந்து பன்னிரண்டு முறை.
வேலிக்கு அப்பால் அப்பா கைப்பேசியைத் தாழ்த்துகிறார்:
"ஏறத்தானே காசு கட்டினோம்?"

பிறகு ஏறி உட்கார்ந்தாள்.
குதிகால் கீழே. கண் மேலே. மூச்சை விடு,
நீ அடக்கினால் அதுவும் அடக்கும்.
கடிவாளம் கைப்பிடி இல்லை, அதன் வாயின் மறுமுனை.
பேருந்தில் தூங்கிப்போன தம்பியின் கையைப் பிடித்திருப்பாயே,
அப்படி.

தெங்காவிலிருந்து எழும்பிய போர்விமானம்
தலைக்கு மேல் வானத்தைக் கிழித்தது.
கச்சாங் காதைக்கூட ஆட்டவில்லை, அன்றாடம் கேட்பது.
மூன்றாம் சுற்றில்
சிவப்பு நெகிழிப்பை ஒன்று வேலியோரம்
எழுந்தது, உட்கார்ந்தது,
மறுபடி எழுந்தது.

பக்கவாட்டில் ஒரே ஒரு தாவல்.
கயிறு என் கையில் இருந்தது.
சேணம் குதிரையின் மேல் இருந்தது.
அவள் மணலில்,
முழங்கால் மடங்கி, உருண்டு, கடிவாளத்தை விட்டுவிட்டு.
பன்னிரண்டு முறை செய்ததாலா, பயத்தாலா,
எனக்குத் தெரியாது.
அசையாதே. எங்கே வலிக்கிறது? விரல்களை ஆட்டு.
இன்று என்ன கிழமை?
"சனி. டெஸ்ட் திங்கள்."
கேட்ட என் குரல்தான் நடுங்கியது.

அப்பா வேலியைத் தாண்டி வந்திருந்தார்.
"குதிரை கீழே தள்ளினது பத்தாதுன்னு..." என்று தொடங்கினார்.
மணலைத் துப்பிவிட்டு அவள் திருத்தினாள்:
"குழியெல்லாம் பறிக்கலப்பா. அங்கேயே நிக்குது பாருங்க."

நின்றது. நான்கடி தள்ளி,
விலா எகிற, கண்ணில் வெள்ளை தெரிய.
அவள் எழுந்து, தோளுக்குப் பக்கவாட்டில் நடந்து போய்
கழுத்தில் கை வைத்து
ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பித்தாள்.

மறுபடி ஏற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன்.
மின்னல் எச்சரிக்கை அலறியது.
இந்த ஊரில் வானமும் விதி வைத்திருக்கிறது.
குதிரைகளை லாயத்துக்குள் நடத்தினோம்.
கோபத்தில் அவள் மழையோடு பேசவில்லை,
என்னோடும் பேசவில்லை.
கச்சாங்கின் நெற்றியை மட்டும் இன்னொரு முறை தடவினாள்.
"இன்னும் முளைக்கல."

விழுந்த கவசத்தைத் திரும்ப அணியக்கூடாது.
வெளியே பளபளக்கும், விரிசல் உள்ளே இருக்கும்.
அப்பா புதியதன் விலை கேட்டார். சொன்னேன்.
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
பழையதில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன்.
அது தனக்கு வேண்டும் என்றாள் அவள்,
வீட்டு வாசல் தொட்டியில் இடமில்லையாம், வெந்தயக்கீரை போட.

கொடுத்தேன்,
வாரை மட்டும்
அறுத்துவிட்டு.