லீவு

மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த அகராதியை
இரவு ஷிப்டில் உருவினேன்.
மேசை ஆடியது. ஜுபைலில் அன்றைக்கு
ஏசி ஓடியும் கண்ணாடியெல்லாம் வேர்வை.

லீவு ஒரு சொல் இல்லையாம், இரண்டாம்.
முதலாவது, அனுமதி.
அன்பும் நம்பிக்கையும் அதற்குத் தூரத்துப் பங்காளிகள்
(எங்கள் எச்ஆருக்கு இது தெரியாது).
மற்றது, மிச்சம் வைப்பது, விட்டுப்போவது.
எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, ரத்தம் மட்டும் வேறு.
கேம்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து
ஒருவன் ஓவர்டைம்
மற்றவன் கணக்கில் விழுவதுபோல.

சாரம் கட்டும் சுடலைக்கண்ணு
மூன்றாம் முறையாகப் படிவம் நீட்டுகிறார்.
முதல் தடவை காரணத்தில் எழுதியிருந்தது:
அப்பாவுக்கு ஆபரேஷன்.
அடுத்த தடவை: அப்பா.
இரண்டுக்கும் மேலிருந்து வந்தது ஒரே பதில்,
ஷட்டவுன் முடியட்டும்.
இந்தமுறை கட்டம் காலி.

நம்மிடம் விடு இருக்கிறது.
அதிலிருந்தே விடுப்பு.
விடை என்றால் பதில், புறப்படச் சம்மதமும் அதுதான்.
வீடும் அந்த வழிதான் என்பார்கள்.
எதை விட்டால் வீடு என்று
கேட்க ஆள் இல்லை,
எதிரில் நிற்பவருக்கு சீல் வேண்டும்.

குத்தினேன். நாற்பத்தைந்து நாள், ரீஎன்ட்ரியோடு.

வாசல்வரை போனவர் திரும்பி,
"பூட்ஸக் கட்டிலடியில விட்டுட்டுப் போறேன்,
எவனும் தூக்கிராமப் பாத்துக்கோங்க" என்றார்.

அது இரண்டாவது சொல்.