அணைக்கும் முன்

விவாகரத்துத் தாளில்
வீட்டுக்கு ஒரு வரி, நாய்க்கு ஒரு வரி,
விமானத்துக்கு மட்டும் இரண்டரைப் பக்கம்.
யாராலும் யாருடைய பாதியையும் வாங்க முடியவில்லை.
ஆகவே ஒற்றை வாரம் டெல்மருக்கு,
இரட்டை வாரம் எனக்கு.

எழுபத்தெட்டில் பிறந்தது,
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
ஒரே எஞ்சின், ஆறு சிலிண்டர்,
வயிற்றோரம் நத்தை ஓடு மாதிரி ஒரு டர்போ:
தான் வெளியே விட்ட மூச்சின் சூட்டிலேயே
சக்கரம் சுழற்றி
மெலிந்த காற்றைப் பிடித்துத் திணித்துக்கொள்ளும்.
பிக்ஹார்ன் மலைக்கு மேல்
மற்ற விமானங்கள் இளைக்கும் உயரத்தில்
இது இன்னும் கடற்கரையில் இருப்பதாகவே
நம்பிக்கொண்டிருக்கும்.
அந்த நம்பிக்கைக்குத்தான் விலை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்.
எங்கள் யானை நின்றால் ஹாங்கர் வாடகை,
நடந்தால் மணிக்குப் பதினெட்டு காலன்,
படுத்தால் ரோண்டா பீலரின் பில்.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
பதிவேடு பேசும்.
"இடது பிரேக் மெத்தென்று இருக்கிறது."
"பிரேக் சரி. உன் கால்தான் அப்படி."
"எண்ணெய் ஒரு குவார்ட் ஊற்றினேன். நீ ஒன்று பாக்கி."
ஒருமுறை மட்டும், ஜனவரியில்,
"இன்று மேலே எல்லாம் தெளிவு" என்று எழுதியிருந்தான்.
அதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்
டயர் அழுத்தத்தை எழுதிவைத்தேன்.

வருடாந்தரச் சோதனைக்குத் திறந்த அன்று
ரோண்டா இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொன்னாள்.
அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல.
மூன்றாம் சிலிண்டர் எண்பதுக்கு ஐம்பத்தாறு;
அதைச் சொல்லக் கூப்பிடவில்லை.
பல் டாக்டரின் கண்ணாடி போன்ற ஒன்றை
டர்போவின் பின்னால் நுழைத்து
டார்ச் அடித்தாள்.
"மாயலென், இங்கே பார்."
புகைக்குழாயைக் கவ்வியிருக்கும் வளையத்தில்,
பற்றவைத்த புள்ளிக்குப் பக்கத்தில்,
ஒரு முடி.
ஊதினேன். போகவில்லை.

அது விட்டுப்போயிருந்தால்
சிவக்கக் காய்ந்த மூச்சு நேராக
எரிபொருள் குழாயின் மேல்.
"எவ்வளவு நேரம் கிடைக்கும்?" என்றான் டெல்மர்.
ரோண்டா கந்தைத் துணியில் கை துடைத்தாள்,
ஒவ்வொரு விரலாக.

கடைசியாகப் பறந்தவன் அவன்.
அடுத்துப் பறக்க வேண்டியவள் நான்.
அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்
பூட்ஸைப் பார்த்தேன்.
ஒரு கயிறு அவிழ்ந்திருந்தது.

புது வளையம். புது சிலிண்டர்.
இரண்டு காசோலை, ஒரே தொகை.
"ஒருவர் ஓட்டுங்கள், ஒருவர் எண்களை எழுதுங்கள்"
என்று சொல்லிவிட்டு ரோண்டா சாப்பிடப் போய்விட்டாள்.

பதினாறாயிரம் அடி.
இருவர் மூக்கிலும் ஆக்ஸிஜன் குழாய்,
ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்போல.
நான் வாசித்தேன்: டர்பைன் ஆயிரத்து ஐந்நூற்று எழுபது.
அவன் எழுதினான்.
மூன்றாம் சிலிண்டர் முந்நூற்று எண்பது.
எழுதினான்.
கீழே பவுடர் ஆறு, பாதி உறைந்து,
எந்த எண்ணும் கேட்காமல் கிடந்தது.

இறங்கி நின்றோம்.
டர்போவைச் சட்டென்று அணைக்கக்கூடாது.
தணலாய்ச் சுழன்றது ஆறும்வரை
ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும்,
இல்லாவிட்டால் உள்ளே எண்ணெய் கருகிவிடும்.
பதினோரு வருடம் இங்கே இதைத் தவறாமல் செய்தோம்.
வீட்டில் ஒருமுறைகூடச் செய்ததில்லை.

இரண்டாம் நிமிடம்,
"நாய்க்குப் பல் பிடுங்கியாச்சா?"
"இரண்டு."
மூன்றாம் நிமிடம் ஒன்றுமில்லை.
நாலரையில் அவன் கை
மிக்ஸ்சர் குமிழை நோக்கிப் போயிற்று.
என்றைக்கும் இதே அவசரம்.
என் கையை அதன்மேல் வைத்து அழுத்தினேன்.
"இன்னும் முப்பது விநாடி."
அவன் கையை எடுக்கவில்லை.
நானும்.
கடிகாரம் ஐந்தைத் தாண்டிப் போனது.
ஏழாகும்வரை பெட்ரோல் வீணாயிற்று, பாதிப் பாதி.

சோதனைக்கு எண்ணெய் பிடிக்க
பாட்டில் கொண்டுவர மறந்திருந்தான்.
பதிவேட்டில் அதைத்தான் எழுதினேன்.